பிடியரிசியும் போதகர் சீட்டும்

1

வெள்ளைக்காரன் ஆட்சிக் காலத்தில் மதுரையில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் ஓ.பி. கிளார்க்காகச் சேர்ந்தேன். இங்கிலீஷ் எழுதத் தெரியும் என்ற மிதப்பு எனக்குக் கொஞ்சம் அதிகம். முதல் நாளே ஹெட் கிளார்க் காதோடு சொன்னார்: "ஏழைன்னு வந்தா போதகர் சீட்டு இருக்கான்னு பாரு. இருந்தா எல்லாம் இனாம். இல்லேன்னா அனுப்பிரு."

சீட்டு என்பது, இவர் இன்ன சபையைச் சேர்ந்த ஏழை என்று போதகர் கையெழுத்துப் போட்டுத் தருவது; சபைக் கமிட்டியின் ஏற்பாடு. இனாம் நோயாளிக்குச் சாப்பாடு சபையின் பிடியரிசியிலிருந்து வரும். சபைப் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டுவைத்து, ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குக் கொண்டுவருவார்கள்.

மூன்றாவது வாரம், பக்கத்துப் பரவை கிராமத்திலிருந்து சீனியம்மா என்ற பெண் தன் புருஷனை மாட்டுவண்டியில் கொண்டுவந்தாள். உழும்போது கலப்பைக் கொழு குத்திய பாதம். முழங்கால் வரை வீங்கியிருந்தது.

"சீட்டு இருக்கா?" என்றேன்.

"சீட்டுன்னா என்ன சாமி?"

"போதகர் கொடுக்கிறது. நீங்க எந்தச் சபை?"

"நாங்க பரவை, சாமி."

எனக்குச் சிரிப்பு வந்தது. இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. போதகர் வீட்டுக்கு வழி சொல்லி அவளை அனுப்பினேன். அந்த மனிதர் வேப்பமரத்தடியில் வண்டியிலேயே முனகிக்கொண்டு கிடந்தார்.

2

போதகர் கிராமங்களுக்குப் போயிருந்தார். வர நான்கு நாளாகும். அவர் வீட்டில் பிடியரிசியைப் புடைத்துக்கொண்டிருந்த ஞானம்மா அக்கா, சீனியம்மாவைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அக்கா வீடு வீடாகப் போய் வேதம் வாசித்துக் காட்டும் ஊழியக்காரி.

"தம்பி, அந்தக் காலப் பாத்தியா?"

"பாத்தேன்க்கா. போதகர் கையெழுத்து இல்லாம நான் என்ன செய்ய?"

"நான் போடுறேன் கையெழுத்து."

"அது செல்லாதுக்கா."

அவர் என்னோடு மல்லுக்கு நிற்கவில்லை. நேரே டாக்டரம்மா அறைக்குள் போய்விட்டார். ஐந்து நிமிஷத்தில் ஸ்ட்ரெச்சர் வந்தது.

ஆபரேஷன் முடிந்து வந்த டாக்டரம்மா என் மேஜையருகே நின்றார். "இன்னும் ஒரு நாள் போயிருந்தா காலையே எடுத்திருக்கணும்" என்றார்.

3

போதகர் திரும்பியதும் கமிட்டி கூடியது. குறிப்பெழுத என்னை உட்கார வைத்தார்கள். சபை மூப்பர் ஒருவர் எழுந்தார்.

"நம்ம சபை அரிசி நம்ம சனத்துக்குத்தான். ஊருக்கெல்லாம் பொங்கிப் போட முடியுமா?"

கமிட்டியில் பெண்களுக்கு நாற்காலி கிடையாது. வாசலில் நின்ற ஞானம்மா அக்கா அங்கிருந்தே பேசினார்.

"அண்ணே, பானை எங்க அடுப்படியிலதான் இருக்கு. சீக்காளியில நம்மாளு, வேத்தாளுன்னு பிரிச்சா, வார ஞாயித்துக்கெழம அம்புட்டுப் பானையும் காலியாத்தான் வரும்."

அவருக்குப் பின்னால் நின்ற பெண்களில் மூப்பரின் மனைவியும் இருந்தார். மூப்பர் அதைப் பார்த்துவிட்டு மெல்ல உட்கார்ந்தார். போதகர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சீட்டில் 'சபை' என்ற இடத்தில் இனி 'ஊர்' என்று இருக்கும், ஞானம்மா அக்காவின் கையெழுத்தும் செல்லும் என்று தீர்மானமாயிற்று. அதை எழுதும்போது எனக்கே மனசு லேசாகிவிட்டது.

சீனியம்மாவின் புருஷன் தன் காலால் நடந்து ஊர் போய்ச் சேர்ந்தார். அறுவடை முடிந்து ஒரு காலை, சீனியம்மா என் மேஜைக்கு முன்னால் ஒரு மண்பானையை இறக்கி வைத்தாள். உள்ளே அரிசியும் கம்பும் கலந்து கிடந்தன.

"எங்க தெருப் பொம்பளைக ஆளுக்கொரு பிடி போட்டது சாமி. இதக் குடுக்க எதுவும் சீட்டு வேணுமா?"

நான் எழுந்து, பானையை நானே சமையல்கட்டுக்குத் தூக்கிப் போனேன். ஓய்வு பெறும்வரை அதே மேஜையில்தான் இருந்தேன். யார் வந்தாலும் நான் முதலில் கேட்டது, "என்ன செய்யுது?" என்றுதான்.