ஏடு என்றால் ஏழு

எனக்குக் காது நன்றாகவே கேட்கிறது, ஊரில்தான் யாருக்கும் வாயைத் திறந்து பேசத் தெரியவில்லை என்று நான் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். பஸ் கண்டக்டர் முணுமுணுக்கிறார். டிவியில் செய்தி வாசிப்பவர்கள் ரகசியம் பேசுகிறார்கள். என் மகள் பாதி வார்த்தையை மென்று விழுங்கிவிடுகிறாள். இப்படி ஒவ்வொருவராகக் குற்றம் சொல்லித் தீர்ந்த பிறகு, அந்த மகளே என்னை ஓசூரில் ஒரு காது டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். எதுவும் கேட்காத நேரத்திலும் குத்துமதிப்பாக நாலைந்து முறை அழுத்திவைத்தேன். சோதனை செய்த பெண் வெளியே சிரித்துக்கொண்டிருந்தாள்.

காரணம் எனக்குத் தெரியாததல்ல. பதினாறு வருடம் நான் பிரஸ் ஷாப்பில் வேலை செய்தவள். வண்டிகளுக்கான பிராக்கெட்டுகளைத் தகட்டிலிருந்து அடித்து எடுக்கும் இடம் அது. ஒவ்வொரு அடிக்கும் தரை அதிரும். காதில் வைக்க ரப்பர் அடைப்பான் கொடுத்திருந்தார்கள். அது எங்கள் சட்டைப் பையில் பத்திரமாக இருந்தது. ஆடிட் வரும் நாளில் மட்டும் காதுக்குப் போய்விட்டு, சாயங்காலம் பைக்கே திரும்பிவிடும். அதை மாட்டிக்கொண்டால் பக்கத்து மிஷின்காரியோடு கதை பேச முடியாதே! பேச்சுக்கு ஆசைப்பட்டுக் காதைக் கொடுத்துவிட்டோம் என்று இப்போது சொல்லலாம். அப்போது சொல்லியிருந்தால் நான் கேட்டிருக்க மாட்டேன்.

அங்கிருந்து நான் மேஜைக்கு வந்தது என் சொந்த முயற்சி. ஷிப்ட் முடிந்து பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு வகுப்பில் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டேன். பிரஸ் ஷாப்பிலிருந்து டெஸ்பாட்ச் மேஜைக்கு வந்த முதல் பெண் நான்தான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே கிடையாது. எந்த பிராக்கெட், எத்தனை பெட்டி, எந்த லாரியில் என்று முடிவு செய்து அனுப்புவது என் வேலை. தினமும் காலை பத்து மணிக்கு, எல்லை தாண்டிக் கர்நாடகப் பக்கம் இருக்கும் பெரிய கம்பெனியின் ஸ்டோர்காரர் கம்ப்யூட்டர் வழியாகவே போன் கால் போடுவார். அன்றைக்கு என்ன வேண்டுமென்று அவர் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொள்வேன். அவர் தெலுங்குக்காரர். அதனால் எங்கள் பேச்சும் தெலுங்கில்தான் நடக்கும்.

டாக்டர் கொடுத்த கருவிகள் இரண்டும் காதுக்குப் பின்னால் அவரை விதை அளவில் ஒட்டிக்கொண்டிருந்தன. முடியைக் கொஞ்சம் தளரப் பின்னி அவற்றை மறைத்துவிட்டேன். ஆபீஸில் ஒருவருக்கும் தெரியாது. வீட்டில் அவை செல்போனோடு ப்ளூடூத்தில் இணைந்துகொள்ளும். யாராவது போன் செய்தால் குரல் நேராகக் காதுக்குள்ளேயே வந்துவிடும், அவ்வளவு துல்லியமாக. ஆனால் எங்கள் கம்பெனியில் செல்போனை கேட்டிலேயே லாக்கரில் வைத்துவிட வேண்டும். மேஜையில் இருந்தது ஒரு கம்ப்யூட்டரும் இரண்டு கரகரப்பான ஸ்பீக்கர்களும். சுவருக்கு அந்தப் பக்கம் கம்ப்ரஸர் ஓடும். கருவி பாரபட்சம் பார்க்காது, ஸ்டோர்காரரையும் கம்ப்ரஸரையும் சேர்த்தே பெரிதாக்கிக் கொடுக்கும். பாதி கேட்டதும் பாதி யூகித்ததுமாக நான் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அந்தக் கம்ப்யூட்டரில் ப்ளூடூத் கிடையாது. இலவசமாகக் கிடைக்கும் ஏதோ ஒரு சிஸ்டத்தைப் போட்டிருந்தார்கள். தனியாக ஒரு ப்ளூடூத் குச்சி வாங்கிச் செருகலாமென்றால், டேட்டா வெளியே போய்விடும் என்று யுஎஸ்பி துளைகளையெல்லாம் அடைத்துப் பூட்டு வேறு போட்டிருந்தார்கள். அதைத் திறக்கச் சொன்னால் எதற்கென்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குத்தான் நான் பயந்தேன்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் லோடு மாறிப்போனது. இடது பக்க பிராக்கெட்டின் எண் ஏழில் முடியும், வலது பக்கத்தது எட்டில் முடியும். ஸ்டோர்காரர் அன்று கேட்டது ஏழு. தெலுங்கில் ஏழுக்கு 'ஏடு' என்பார்கள். நான் எட்டு என்று எழுதி, ஒரு லாரி நிறைய வலது பக்கத்தை ஏற்றி அனுப்பிவிட்டேன். லாரி எல்லை தாண்டி, நெரிசலில் ஊர்ந்து, போய்ச் சேர்ந்து, அப்படியே திரும்பி வந்தது. அங்கே அவர்களுடைய உற்பத்தி லைன் சாயங்காலம் வரை நின்றுவிட்டது.

மேனேஜர் என் மேஜைக்கு வந்து நின்றார். தென்காசிப் பக்கத்துக்காரர், நல்ல மனுஷன், ஆனால் தமிழும் இங்கிலீஷும் தவிர வேறு பாஷை தெரியாது.  என் வாய் தானாகவே ஒரு வழி கண்டுபிடித்துவிட்டது.

"சார், தெலுங்குல ஏடுன்னா ஏழுங்க. நம்ம தமிழ்க் காதுக்கு அது எட்டுன்னுதான் விழுது. என்ன பண்றதுங்க?"

அவர் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுச் சிரித்துவிட்டார். வந்த புதிதில் மார்க்கெட்டில் இதே ஏடு தன்னையும் ஏமாற்றியிருக்கிறது என்றார். ஆபீஸே சிரித்தது. ஓசூரில் இந்த ஏடு, எட்டுக் குழப்பத்தில் ஒரு தடவையாவது விழாத வெளியூர்க்காரர் கிடையாது. பஸ் நம்பரில் விழுவார்கள், வீட்டு நம்பரில் விழுவார்கள். என் தெலுங்கும் கேட்டுப் பழகியதுதான் என்று அவர் நினைத்திருந்தார், அதனால் நான் சொன்னதைச் சந்தேகிக்கவில்லை. போகும்போது மட்டும் குரலைத் தணித்துக்கொண்டார்.

"இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா போன் கால நானே இங்கிலீஷ்ல பேசிக்கிடுதேன். நீங்க பேக்கிங் பக்கம் போயிருங்க. தப்பா நினைச்சுக்கிடாதீங்க, என்ன?"

பேக்கிங் இருப்பது பிரஸ் ஷாப்புக்கு ஒட்டினாற்போல. நடுவில் சுவர்கூடக் கிடையாது. மேஜையும் போய், மிச்சமிருக்கும் காதும் போய்விடும். அதைவிட, பதினாறு வருடம் நின்ற பிறகு கிடைத்த நாற்காலி அது. அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசே இல்லை.

மறுநாள் மதியம் சாப்பிடும்போது, குவாலிட்டியில் வேலை பார்க்கும் கெலமங்கலத்துப் பெண் என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். மோரை ஊற்றிக்கொண்டே சாதாரணமாகக் கேட்டாள்.

"ஏன்க்கா, உங்க வூட்ல தெலுங்குதானே பேசுவீங்க?"

பிடித்துவிட்டாள். உத்தனப்பள்ளி தாண்டி எங்கள் நிலமும் வீடும். வீட்டில் தலைமுறை தலைமுறையாகத் தெலுங்குதான். தமிழ் நான் பள்ளிக்கூடத்தில் படித்தது. ஒன்று, இரண்டு சொல்லக் கற்றுக்கொண்டதே தெலுங்கில்தான். ஏடு யாரை வேண்டுமானாலும் ஏமாற்றலாம், என்னை ஏமாற்ற முடியாது. காது சரியில்லாதவள்தான் அந்த இடத்தில் எட்டு என்று எழுதுவாள். நான் குனிந்து சோற்றைப் பிசைந்தேன். அவளும் அதற்குமேல் கேட்கவில்லை. சொந்த பாஷையை விற்றுப் பிழைத்தேனே என்று அன்று எனக்கே என்மேல் வெறுப்பு வந்தது.

அடுத்த ஒரு வாரம் நான் பட்ட பாடு! ஒவ்வொரு எண்ணையும் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொண்டேன். லைன் சரியில்லை என்றேன், மழை என்றேன். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. கால் முடிவதற்குள் முதுகெல்லாம் வேர்த்துவிடும்.

அந்தச் சனிக்கிழமை, வெளியிலிருந்து வந்து கம்ப்யூட்டர்களைப் பார்த்துப்போகும் சர்வீஸ்காரர் எல்லா மிஷினிலும் புது வெர்ஷன் ஏற்றினார். என் முறை வந்தபோது, என்னவெல்லாம் புதிது என்ற பட்டியல் திரையில் ஓடியது. எனக்கு எதையும் படித்துப் பார்க்கும் பழக்கம் உண்டு, மிட்டாய் மடித்த காகிதத்தையும் விடமாட்டேன். எழுத்துருக்கள், பிரிண்டர், என்னென்னவோ. நடுவில் ஒரு வரி: இனி ப்ளூடூத் உள்ளேயே இருக்கும், தனியாக எதையும் நிறுவ வேண்டாம்.

"இதுக்குக் குச்சி வேணுமில்லைங்களா?" என்று கேட்டேன். 

"வேணாங்க மேடம். சிப் மொதல்லேர்ந்தே போர்டுல கீது. பழைய வெர்ஷனுக்கு அதுகிட்ட பேசத் தெரியல, அவ்ளோதான்."

எனக்குச் சந்தோஷத்துக்கு முன்னால் கோபம்தான் வந்தது. என் முழங்காலுக்குப் பக்கத்திலேயே, இத்தனை நாளும், அந்தப் பெட்டிக்குள் அது சும்மா உட்கார்ந்திருந்திருக்கிறது! நான் இந்தப் பக்கம் கம்ப்ரஸரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதையே நினைத்துக்கொண்டு துணி துவைத்தேன். இணைப்பது சுலபம், ஆனால் இணைத்தால் தெரிந்துவிடும். அதையும் நினைத்தேன். மறைத்து மறைத்து மேஜையை இழப்பதா, வெளியே காட்டிக்கொண்டு அதை வைத்துக்கொள்வதா? இப்படிக் கேட்டுப் பார்த்ததும் பதில் கஷ்டமாக இல்லை. திங்கட்கிழமை முடியை இழுத்து இறுக்கிக் கொண்டை போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

பத்து மணிக்குக் கால் மணி நேரம் இருந்தது. ப்ளூடூத்தைத் திறந்தேன். சுற்றுவட்டாரமே வரிசையில் வந்து நின்றது. கேன்டீனில் பாட்டுப் போடும் ஸ்பீக்கர், யாருடையதோ கைக்கடிகாரம், போர்க்லிப்ட் ஓட்டுநர் ஒளித்துவைத்திருக்கும் ஹெட்செட். ஆக, கம்பெனிக்குள் ரகசியம் வைத்திருந்தவள் நான் மட்டுமல்ல. நாலாவது வரியில் என்னுடையது. சிஸ்டத்தின் மொழியை நான் தமிழில் வைத்திருந்தேன். அழுத்தியதும், திரையின் நட்டநடுவே, ஒரு காதுப் படத்தோடு, கொட்டை எழுத்தில் வந்தது: செவித்துணைக் கருவி இணைக்கப்பட்டது.

இதைச் சின்ன எழுத்தில் போட்டால் என்னவாம்? பின்னால் மேனேஜர் டீ கிளாஸோடு நின்றுகொண்டிருந்தார். கெலமங்கலத்துப் பெண்ணும் நிமிர்ந்து பார்த்தாள்.

"இது யாருக்கும்மா?" என்றார் மேனேஜர்.

நாற்காலியைத் திருப்பி அவரைப் பார்த்தேன். "எனக்குத்தான் சார். ரெண்டு காதும். அன்னைக்கு ஏடுன்னு அவர் சொன்னது எனக்குச் சரியா கேக்கல. பாஷைக் குழப்பம்னு சொன்னது பொய்ங்க. எங்க வீட்ல பேசறதே தெலுங்குதான்."

அவர் டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். "இத முதல்லயே சொல்லிருக்கலாம்லா?"

"சொல்லியிருந்தா இந்த மேஜைய எனக்குக் குடுத்திருப்பீங்களா சார்?"

அவர் டீ கிளாஸை என் மேஜைமேல் வைத்தார். கொடுத்திருப்பேன் என்று பொய் சொல்லாததற்காக அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது. கெலமங்கலத்துப் பெண் குனிந்து தன் ரிப்போர்ட்டில் மும்முரமாக எழுத ஆரம்பித்தாள். அவள் சிரித்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

அதற்குள் கால் வந்துவிட்டது. எடுத்தேன்.

ஸ்பீக்கரில் ஒரு சத்தமும் இல்லை. எல்லாம் என் காதுக்குள் வந்தது. கம்ப்ரஸர் எங்கோ தொலைவுக்குப் போய்விட்டது. ஸ்டோர்காரர் மூச்சு விடுவது கேட்டது. அவர் பக்கத்தில் யாரோ காகிதம் புரட்டுவது கேட்டது. அவருக்கு இத்தனை மிருதுவான குரல் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. இத்தனை நாளும் என்னோடு அவர் கத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அவர் இன்னும் என்னிடம் பேசத் தொடங்கவில்லை. பட்டியலை வாசிக்க வேறொரு ஆளை உட்காரவைத்து, தாழ்ந்த குரலில் அவனுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

"கட்டிகா செப்பு. ஆயம்மாக்கி செவுலு வினபடவு. ரெண்டு சார்லு செப்பு."

உரக்கச் சொல், அந்த அம்மாவுக்குக் காது கேட்காது, இரண்டு முறை சொல். கேலி துளியும் இல்லாமல், பெட்டியைப் பார்த்து இறக்கு என்று சொல்வதுபோல் சொன்னார். அப்படியானால் நான் கட்டி, மேனேஜர் அவரிடம் ஒப்பித்த ஏடு, எட்டுக் கதையை அவர் ஒரு நாளும் நம்பவில்லை. ஆனாலும் என் மேனேஜரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெட்கத்தால் பாதி, நன்றியால் பாதி. 

"இப்புடு வினபடதாந்தி சார். மெல்லகா செப்பண்டி," என்றேன். இப்போது கேட்கிறது, மெதுவாகவே சொல்லுங்கள்.

அந்தப் பக்கம் காகிதம் புரட்டும் சத்தம் நின்றது. பிறகு அவர் சத்தமாகச் சிரித்தார். நானும் சிரித்தேன். அமைதியாகக் கிடந்த ஆபீஸில் நான் மட்டும் தனியாகச் சிரிப்பதைப் பார்த்து, மேனேஜர் ஸ்பீக்கர் பக்கம் குனிந்து, அதைத் தட்டிப் பார்த்து, பிறகு என் முகத்தருகே வந்தார்.

"என்னம்மா சொல்லுதாக? எனக்கு ஒண்ணுமே கேக்கலியே!"

அவருக்குக் கேட்க வேண்டுமே என்று, ஒவ்வொரு வார்த்தையாக, உரக்கச் சொன்னேன்:

"எனக்குக் காது கேக்காதுன்னு அவங்களுக்கு ரொம்ப நாளாத் தெரியுமாம் சார். உங்களுக்குத்தான் தெரியல."