கொள்ளுத்தாத்தாவின் தங்கையைத் தேடியவள்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். கண்டக்டராகப் படியில் தொங்கி, இன்று சொந்தமாக பஸ் ஓட்டுகிறேன். என் கதைக்குத் தனிப் புத்தகமே வேண்டும், அது கிடக்கட்டும். இது என் தங்கையைப் பற்றி.

காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் அவள். தையல் தொழிற்சாலையில் தைத்து வரும் சட்டைகளைச் சரிபார்க்கும் வேலை. ஒரு நூல் பிசிறு தெரிந்தாலும் சட்டை திரும்பிப் போகும். அவள் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

அவளை அரித்தது ஒரே ஒரு பேச்சு. எங்கள் கொள்ளுத்தாத்தா தாய் தகப்பன் இல்லாத பையன். தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றி வந்த பழைய கப்பலில் இந்த நாட்டுக்கு வந்தவர். காது மடல் கிழிந்த குட்டித் தங்கையைத் துறைமுகத்திலேயே விட்டுவிட்டு ஏறினார் என்று ஒரு கதை. அவரும் கடைசிவரை மறுத்துப் பேசவில்லை. வீட்டில் சண்டை வந்தால் என் தங்கை புருஷன் இதைத்தான் எடுப்பான்.

"கூடப்பொறந்தவளையே கழட்டி விட்டுட்டுக் கப்பல் ஏறின பரம்பரைதானே நீங்க!"

அவன் போய்ச் சேர்ந்த பிறகும் அந்தச் சொல் போகவில்லை. ஓய்வு பெற்ற கையோடு ஆவணக் காப்பகத்துக்குக் கிளம்பிவிட்டாள். அங்கே கப்பல் வாரியாகப் பயணிகள் பதிவேடு இருக்கிறது: பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர், உடம்பில் அடையாளம். கரையானுக்கும் வெள்ளத்துக்கும் போனது போக மிச்சம். கொள்ளுத்தாத்தா கிடைத்துவிட்டார். அவருடைய தகப்பன் பெயரில் ஒரு பெண்பிள்ளை? அந்தக் கப்பலிலும் இல்லை, அதற்கு முன்பு வந்ததிலும் இல்லை, பின்பு வந்ததிலும் இல்லை.

"விட்டுட்டுத்தான் வந்திருக்காருண்ணே," என்றாள் காரில், நகத்தைக் கடித்தபடி.

"நீ தகப்பன் பேரையே பிடிச்சுத் தொங்குறே. பஸ்ல சின்னப் பிள்ளை ஏறினா, யார் பெத்ததுன்னா நான் கேட்டேன்? எந்தப் பொம்பளை மடியில இருக்கோ அவ கணக்கு. கப்பல்காரன் மட்டும் ஜாதகமா பார்த்திருப்பான்?"

"இத்தனை நாளா வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்தே?"

மறுநாளே கிடைத்தது. அதே கப்பல். யாரோ ஒரு பெண்ணின் மகள் என்று எழுதியிருந்தது. ஆனால் அந்தப் பெண்ணுக்கு ஊர் வேறு. சிறுமிக்குக் கொள்ளுத்தாத்தாவின் ஊர். அடையாளம்: இடது காது மடல் கிழிந்தது. வாசிப்பறையில் இவள் சத்தமாகச் சிரித்துவிட்டு அதிகாரியிடம் திட்டு வாங்கினாள். கண்டுபிடித்தது யார் என்று கேட்டால் தன்னைத்தான் காட்டுவாள். எழுதுகிறவன் நான், அதனால் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

கப்பலிலிருந்து இறங்கியதும் அந்தப் பெண்ணையும் சிறுமியையும் வேறு தோட்டத்துக்கு அனுப்பியிருந்தார்கள். கல்யாணப் பதிவு, பிறப்புப் பதிவு என்று ஒவ்வொரு தலைமுறையாக இறங்கி வந்தால், மருந்துக்கடை மாடியில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர். காரை நான்தான் ஓட்டினேன். படியேறுவதற்குள் இவள் புடவைத் தலைப்பை எத்தனை தடவை இழுத்து விட்டாளோ!

டீச்சர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"எங்க கொள்ளுப்பாட்டிக்குக் காது அப்படித்தான் இருந்துச்சாம். அம்மா சொல்லியிருக்காங்க."

"அப்போ நாம சொந்தக்காரங்க!" என்று இவள் எழுந்தேவிட்டாள்.

"உக்காருங்கம்மா. ஒரே கப்பல்ல வந்தாரு, சரி. அப்புறம் ஏன் தேடி வரலை? தோட்டத்துக்கு எந்த ஆம்பளை புதுசா வந்தாலும், 'நீ எந்தக் கப்பல்?'னு அவங்க கேப்பாங்களாம். கிழவியான பிறகும் கேட்டாங்களாம்."

இவள் உட்கார்ந்துவிட்டாள். நான் விடுவேனா?

"அந்தக் காலத்துல அனுமதிச் சீட்டு இல்லாம தோட்டத்தை விட்டு வெளியே போனா ஜெயில், டீச்சர்."

"தெரியும் சார். போனாரா, போகலையா? அதைத் தெரிஞ்சுக்கிட்டு வாங்க, சொந்தம் கொண்டாடலாம்."

திரும்பும் வழியெல்லாம் இவள் கால் ஆடிக்கொண்டே இருந்தது.

"சீட்டு இல்லாமப் போய் மாட்டினவங்களைக் கோர்ட்டுல நிறுத்தியிருப்பாங்க இல்லேண்ணே? அந்தக் கேஸ் கட்டெல்லாம் காப்பகத்துலதானே இருக்கும்?"

"முதல்ல சாப்பிடுவோம்."

"நீ சாப்பிடு. என்னைக் காப்பகத்துல இறக்கி விடு."

"அவர் பேர் அதுல இல்லேன்னா?"

காப்பக வாசல் வந்தது. கார் சரியாக நிற்பதற்குள் கதவைத் திறந்தாள். "மூடுற நேரம்டீ!" என்று கத்தினேன். அவள் படியேறிக்கொண்டிருந்தாள்.