ஏலத்தில் போன புறா மார்க் டப்பா

எங்கள் புறாவை இன்னொருவர் பிடித்துக்கொண்ட கதை இது. எழுபதுகளின் நடுவில், ஓர் ஐப்பசி மாதத்தில் இது தொடங்கியது. தேனி பஜாரில் நானும் என் கணவரும் ‘புறா மார்க்’ சுக்குக் காப்பிப் பொடி விற்று வந்தோம். போடி ஏலக்காயைத் தாராளமாகச் சேர்ப்போம். மலை மேலே இருக்கும் டீக்கடைகள் வரை எங்கள் பொடி போகும். திடீரென்று அந்தக் கடைக்காரர்கள் சரக்கைத் திருப்பி அனுப்பினார்கள். வாயில் வைத்தால் மரத்தூள் மாதிரி இருக்கிறதாம். பாக்கெட்டைப் பிரித்துப் பார்த்தேன். அதே புறா, அதே பச்சை வட்டம். பொடி மட்டும் எங்களுடையது இல்லை. கம்பம் பக்கம் யாரோ ஒருவர் எங்கள் லேபிளை அப்படியே அச்சடித்து விற்றுக்கொண்டிருந்தார்.

மதுரைக்கு ஓடினோம். அங்கே டிரேட் மார்க் பதிவு செய்து கொடுக்கும் ஏஜெண்டு ஒருவர் இருந்தார். அவர் விசாரித்துவிட்டுச் சொன்னார்: “அவரு ஏற்கனவே மெட்ராஸ்ல மனுப் போட்டுட்டாரும்மா. ஆனா அவருக்கு முந்தியே நீங்க வித்தீங்கன்னு காட்டிட்டா மார்க் உங்களுக்குத்தான். மத்த பேப்பரெல்லாம் நான் தயார் பண்றேன். பழைய பில்லு, பழைய லேபிளு, தேதியோட எதாவது கொண்டாங்க.”

என் கணவர் சிக்கனத்துக்குப் பேர் போனவர். வருஷம் முடிந்ததும் பில் புத்தகத்தைக் கிழித்து, மிளகு சீரகம் மடிக்கப் பொட்டலத் தாளாக்கிவிடுவார். பஜாரில் பாதிக் கடைக்காரர்கள் செய்கிற காரியம்தான். எங்கள் அத்தாட்சி எல்லாம் தேனி ஊரார் வீட்டு அடுப்புகளில் என்றைக்கோ எரிந்து போயிருந்தது. முதலில் லேபிள் அடித்துக் கொடுத்த அச்சகமும் மூடிவிட்டது.

“விடு. மயிலோ கிளியோ போட்டுக்கிருவோம். பறவைக்கா பஞ்சம்?” என்றார் அவர்.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கலப்படம் செய்கிறவருக்குப் பேரைக் கொடுத்துவிட்டு, நாம் கிளியைத் தேடிப் போவதா? முழங்காலில் நின்று, “ஆண்டவரே, ஒரே ஒரு பில்லைக் கண்ணில் காட்டும்” என்று கெஞ்சினேன். பரண், டிரங்குப் பெட்டி, பாய்க்கு அடி எல்லாம் தேடினேன். கிடைக்கவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. கேவலம் ஒரு காகிதத்துக்காகக் கர்த்தரைத் தொந்தரவு செய்கிறேனோ என்று கூட நினைத்து அழுதேன்.

அந்த வெள்ளிக்கிழமை பெண்கள் ஜெபக் கூட்டத்தில் வெட்கத்தை விட்டுச் சொன்னேன். பில்லுக்காக ஜெபமா என்று இரண்டு பேர் சிரித்தார்கள். ஆனாலும் எல்லாரும் எனக்காக உருக்கமாக ஜெபித்தார்கள். ஆமென் சொல்லி வாயை மூடவில்லை, பக்கத்தில் இருந்த கிரேஸ் அக்கா என் தோளைத் தட்டினார்.

“ஏத்தா, அறுப்புப் பண்டிகைக்கு மொத டப்பாவக் கொண்டாந்து படைச்சியே, நெனப்பிருக்கா? வடுகபட்டி பூண்டு யாவாரி, அவுகதான ஏலத்துல எடுத்தாக?”

எங்கள் சபையில் அறுப்புப் பண்டிகைக்கு விவசாயிகள் நெல், வாழைத்தார் படைப்பது போல, வியாபாரிகள் புதுச் சரக்கின் முதல் டப்பாவைப் படைப்பார்கள். போதகர் அதில் படைத்தவர் பேரும் தேதியும் எழுதிய சீட்டை ஒட்டி, சபை முத்திரை குத்துவார். பிறகு ஏலம் விடுவார்கள். சபையார் மட்டுமல்ல, பஜாரில் பழகின எல்லாரும் வந்து ஏலம் கேட்பார்கள்.

மறுநாளே வடுகபட்டிக்குப் பஸ் ஏறினோம். எத்தனையோ வருஷத்துக்கு முந்தைய டப்பா. பொடி குடித்து முடிந்து, டப்பா பழைய இரும்புக்காரனிடம் போயிருக்கும் என்றுதான் வழியெல்லாம் நினைத்தேன். பூண்டு வியாபாரி எங்களை உள்ளே கூட்டிப் போனார். சாமி மாடத்தில், முருகன் படத்துக்குக் கீழே, எங்கள் புறா உட்கார்ந்திருந்தது. லேபிளில் ஒரு கீறல் இல்லை. சீட்டும் முத்திரையும் அப்படியே இருந்தன. டப்பா நிறைய விபூதி.

“சாமி ஏலத்துல எடுத்தது தாயி. கண்ட எடத்துல போட மனசு வரல. இங்கன வச்சுட்டேன்.”

என் கணவர் விஷயத்தைச் சொன்னார். வியாபாரி உடனே விபூதியைப் பித்தளைத் தட்டில் கொட்டினார். “வேல முடிஞ்சதும் திருப்பிக் குடுத்துருவீகள்ல?” என்று மட்டும் கேட்டார். பெரியகுளம் வந்து, நோட்டரி முன்னால் இன்ன வருஷம் இந்த டப்பாவை எடுத்தேன் என்று கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

அந்தச் சீட்டுத் தேதி, கம்பத்துக்காரர் மனுவில் சொன்ன தேதிக்கு வெகு காலம் முந்தியது. ஏஜெண்டு டப்பாவையும் கையெழுத்துப் போட்ட தாளையும் மெட்ராஸுக்கு அனுப்பினார். காத்திருந்தோம், மெட்ராஸிலிருந்து சான்றிதழ் வந்தது. மலைக்கடைகள் மறுபடி எங்கள் பொடியைக் கேட்டன. என் கணவர் இப்போது எந்தக் காகிதத்தையும் கிழிப்பதில்லை. அதைவிடப் பெரிய மாற்றம், சபையின் பொது ஜெபக் கூட்டத்தில் எனக்கு முந்தி அவர் போய் உட்காருவது.

டப்பாவைத் திருப்பிக் கொடுக்க வடுகபட்டிக்குப் போனோம். பூண்டு வியாபாரி விபூதியை அதிலேயே நிரப்பி, பழைய இடத்திலேயே வைத்தார். அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது கண்ணீர் வந்துவிட்டது. நான் என் வீட்டுக்குள் தேடினேன். கர்த்தரோ நான் அவருக்குக் கொடுத்துவிட்டு மறந்ததை, அவரை அறியாத வீட்டில் கூட எனக்காகப் பத்திரமாக வைத்திருந்தார்.

இதை வாசிக்கிற சகோதரியே, சகோதரனே, உங்கள் கவலை ஒரு காகிதத்தளவு சின்னதாக இருந்தாலும் வெட்கப்படாமல் அவரிடம் சொல்லுங்கள். எங்களுக்காக நாங்கள் வைத்துக்கொண்டதெல்லாம் பொட்டலமாகப் போயிற்று. அவருக்கென்று கொடுத்த அந்த ஒரு டப்பாதான் எங்களைக் காப்பாற்றியது.