நானாவின் மிளகாய்த்தூளும் கலங்களின் சாவும்

மாத்தளை நகரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். என் அண்ணன், எங்கள் பேச்சில் நானா, யட்டவத்தையில் மிளகாய் அரைக்கும் மில் வைத்திருக்கிறார். நான் படிப்பிப்பதை அவரும், அவர் அரைப்பதை நானும் விசாரிப்பதில்லை. குடும்ப ஒற்றுமைக்கு அது நல்லது.

போன மாரியில் மில்லுக்குப் போனபோது, மழையில் நனைந்த செத்தல் மிளகாய் மூடைகள் மூலையில் கிடந்தன. ஒன்றைப் பிரித்தேன். காம்படியில் சாம்பல் பச்சையாகப் பூஞ்சணம்.

"இத என்ன செய்யப் போறீங்க நானா?"

"காயவச்சு நல்லதோட கலந்து அரச்சா ஒண்ணும் தெரியாது."

தெரியாதுதான். கண்ணுக்குத் தெரிந்தால் யார் வாங்குவார்கள்?

சில பூஞ்சணங்கள் அஃப்ளாடொக்சின் என்ற நஞ்சைச் சுரக்கும், காயவைத்தாலும் கறியில் கொதிக்கவைத்தாலும் போகாது என்றேன். அது ஈரலுக்குள் போய்க் கலத்தின் டிஎன்ஏயைச் சேதப்படுத்தும். உடனே பி53 என்ற புரதம் அந்தக் கலத்தைப் பிரியவிடாமல் நிறுத்தும். சேதத்தைத் திருத்த முடியாவிட்டால், கலத்துக்குச் சக்தி கொடுக்கும் இழைமணிக்குச் சைகை போகும். பிறகு சில நொதிகள் கலத்தை உள்ளிருந்தே வெட்டிச் சாய்த்துவிடும்.

நானா கவனமாகக் கேட்டார். என் மாணவர்களில் பாதிப்பேர் அப்படிக் கேட்பதில்லை.

"அப்ப கெட்டுப்போன கலம் தானாவே மௌத்தாப் போகுது. ஒடம்புக்குள்ள அல்லாஹ் ஏற்பாடு வச்சீக்கான். நீ என்னத்துக்குப் பயப்படுற?"

"அந்தப் புரதத்தச் செய்யிற மரபணுவயே நஞ்சு கெடுத்துட்டா? சாகவேண்டிய கலம் சாகாமப் பெருகும். புற்றுநோய் அப்படித்தான் வரும்."

"அது எல்லாருக்கும் வராதுதானே" என்றார் நானா, ஊர் முழுவதன் சார்பிலும் பெருந்தன்மையாக.

வெள்ளிக்கிழமை அவரையும் மதினியையும் பகல் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டேன். செத்தல் மிளகாயில் கட்டா சம்பல் இடித்து வைத்திருந்தேன். நானா சோற்றில் பிசைந்து கையைத் தூக்கும்போது சொன்னேன்: "ஒங்கட மூலையில கிடந்த மூடையில ஒரு பிடி எடுத்து வந்தேன் நானா. அதுல இடிச்சது."

கை நின்றது.

"ஒரு வாய்தானே. ஒடம்புக்குள்ள ஏற்பாடு ஈக்குதே" என்றேன்.

மதினி தட்டை மெதுவாகத் தள்ளி வைத்தார். "நாங்க வீட்டுக்கு மில்லுத் தூள் எடுக்கிறதில்ல" என்றார், ஏதோ உணவுப் பழக்கத்தைச் சொல்வதுபோல. "நான் நல்ல காயாப் பொறுக்கி வேறயா அரைக்கிறது."

நானா மனைவியைப் பார்த்தார். இதை என்னிடம் சொல்லியிருக்க வேண்டியதில்லை என்ற பார்வை. எழுந்து போய்க் கையைச் சவர்க்காரம் போட்டு இரண்டு முறை கழுவினார்.

நான் சொன்னது பொய், சம்பலுக்குப் போட்டது கடையில் வாங்கிய சுத்தமான மிளகாய்தான் என்று பிறகு சொன்னேன். தங்கச்சி பொய் சொன்னது அவருக்குப் பெரிய மனவருத்தம். வாய்மை பற்றிப் பள்ளிவாசலில் கேட்ட பயான் ஒன்றையும் நினைவுபடுத்தினார். மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள், அந்த மூடைகளை மில்லுக்குப் பின்னால் குழி வெட்டிப் புதைத்தார். யாரும் பார்க்காமல் அல்ல. தொழுகை முடிந்து ஆட்கள் வருகிற நேரம் பார்த்து.

இப்போது யட்டவத்தையில் அவர் பெரிய ஆள். தூள் வாங்க வருகிறவர்களுக்குப் பி53 பற்றி விளக்குகிறார். என் மாணவி ஒருத்தியின் உம்மா பள்ளிக்கூட வாசலில் என்னை நிறுத்தினார்.

"டீச்சர், ஒங்கட நானா எவ்வளவு படிச்சவர். நீங்க அவர்கிட்டதான் உயிரியல் படிச்சீங்களாமே?"

ஆமாம் என்று தலையாட்டினேன். மூடைகள் மண்ணுக்குள் இருக்கட்டும்.