மூன்று கை வெயில்

அவுஸ்திரேலியாவைத் தரையில் விரிக்கும்போது சித்தப்பா நாலு மூலைக்கும் நாலு தேங்காய் வைப்பார். ட்ருகனினாவில் எங்கள் வீட்டுக் கராஜில், தேவாலயத்தில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வந்ததும் இது நடக்கும். சம்பலுக்கென்று அம்மா ஒரு தேங்காயை எடுத்துப் போனால் தஸ்மேனியா சுருண்டுகொள்ளும்.

"நாடு கிடக்கட்டும், முதல்ல வயித்தைப் பாருங்கோ" என்பார் அம்மா.

அப்பாவும் சித்தப்பாவும் மன்னார்க் கடலில் வளர்ந்தவர்கள். பள்ளிக்கூடம் அவர்களை அதிகம் கண்டதில்லை. எங்கள் குடும்பத்தில் எழுத்தோடு முறையாகப் பழகிய முதல் ஆள், ஒன்பது வயதில், நான்தான். அதனால் வரைபடத்தில் ஊர்ப்பெயர் வாசிப்பது என் உத்தியோகம். "செடூனா" என்று வாசிப்பேன். சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்.

"செடூனா… அங்க காத்து தெக்கால வரும். தண்ணி குளிர். பாறைக்குள்ள பெரிய மீன் நிக்கும்."

பெயரின் சத்தத்தை வைத்தே கடலைச் சொல்லிவிடுவார். அது சரியா என்று யாரும் பார்க்கப் போனதில்லை.

பயணம் இதுதான். அப்பாவின் டெலிவரி வானில் மெத்தை போட்டுக்கொண்டு கடலோரமாக மேற்கே போவது. மரமே முளைக்காத சமவெளியைக் கடந்து, வடக்கே திரும்பி, முத்துக் குளிக்கும் புரூம் வரைக்கும் போவது. வழியெல்லாம் மீன் பிடிப்போம், வேட்டையாடுவோம். ஊரில் சங்கு குளித்தவரான சித்தப்பா ஆழமான இடம் கண்ட போதெல்லாம் சுழியோடுவார். வேட்டையில்தான் சிக்கல் வந்தது.

"முயலைச் சுடத் துவக்கு வேணுமே" என்றார் அப்பா.

"துவக்கோ? துவக்குக்குப் பயந்தெல்லோ ஓடி வந்தனாங்கள், அண்ணை. இனி அதையும் தூக்கிக்கொண்டு திரியவோ?"

"அப்ப உடும்பு?"

"உடும்பைத் தொட்டுப் பாருங்கோ. பொலிஸ் வந்து உங்களை வேட்டையாடும்" என்றது குசினியில் சமைத்துக்கொண்டிருந்த அம்மாவின் குரல்.

கடைசியில், மிருகத்தைத் தேடிக் கண்டுபிடித்து, ஆசைதீரப் பார்த்துவிட்டு விட்டுவிடுவது என்று முடிவாயிற்று. உலகத்திலேயே வீரமான வேட்டை அதுதான் என்று எனக்குத் தோன்றியது.

எந்த இரவை எங்கே கழிப்பது என்பதில்தான் சித்தப்பாவுக்கு ஆசை அதிகம். வெறும் சமவெளியின் மேல் விரலை வைத்து, "இதில படுப்பம். மேல ஒரு கூரையும் இருக்காது. வானத்து வெள்ளி எல்லாம் கண்ணுக்குக் கிட்ட வரும்" என்பார். செங்குத்துப் பாறை ஒன்றின் உச்சியில் ஓர் இரவு. கீழே திமிங்கிலங்கள் போகும். அவை மூச்சு விடுவது பக்கத்தில் யாரோ தூங்குவதுபோலக் கேட்கும் என்றார். அதைக் கேட்டுக்கொண்டே நான் கராஜின் சீமெந்துத் தரையில் உறங்கிப் போயிருக்கிறேன். அந்த உறக்கங்களில் வான் ஓடிக்கொண்டே இருக்கும்.

சித்தப்பா படகில் வந்தவர். தடுப்பு முகாமிலிருந்து வெளியே விட்டு, கிரெய்கிபர்னில் ஒரு வீட்டில் வேறு சிலரோடு அவரைத் தங்க வைத்திருந்தார்கள். பகலில் எங்கும் போய்வரலாம். பொழுதுபட்டால் அந்த வீட்டில் இருக்க வேண்டும், அங்கேதான் படுக்க வேண்டும் என்பது அரசாங்கக் கட்டளை. மீறினால் திரும்பவும் முகாம்தான். பெரியவர்களுக்கு இது தெரியும். எனக்குச் சொல்லப்பட்டிருந்த காரணம் வேறு: "சித்தப்பாவுக்குத் தன்ர கட்டில்ல படுத்தாத்தான் நித்திரை வரும்."

பள்ளி விடுமுறையில் ஒருநாள், "ஒருக்கா ஒத்திகை பாப்பம்" என்று அப்பா வானை எடுத்தார். மேற்கே வெகுதூரத்தில் ஒரு சின்னக் குடாவுக்குப் போனோம். வழியில் காய்ந்த புல்வெளியில் கங்காருக்கள் நின்றன. சித்தப்பாவும் நானும் வயிற்றால் ஊர்ந்து போனோம். ஒரு கங்காரு மெல்வதை நிறுத்தி எங்களைப் பார்த்தது.

"பிடிச்சாச்சு" என்றார் என் காதுக்குள்.

அப்பாவின் தூண்டிலில் விரல் நீள மீன் ஒன்று அகப்பட்டது. அதையும் கடலுக்கே திருப்பிக் கொடுத்தோம். பிறகு சித்தப்பா சாரத்தை மடித்துக் கட்டி, நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு தண்ணீருக்குள் போனார். நானும் கரையில் நின்று மூச்சை அடக்கினேன். தோற்றேன். மறுபடி அடக்கினேன். மறுபடியும் தோற்றேன். கடல் ஒன்றும் நடக்காததுபோல இருந்தது. எதிர்பாராத இடத்தில் அவர் தலை எழுந்தது.

"ஐயோ அண்ணை, இது கடலில்லை, ஐஸ்பெட்டி!"

அவர் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அப்பா கையை நீட்டி, தூரத்துக் குன்றுக்கும் சூரியனுக்கும் இடையில் நாலு விரல்களை அடுக்கினார். கடற்காரர்கள் மிச்சப் பொழுதை அளப்பது அப்படித்தான். நாலு விரல் ஒரு கை. ஒரு கை வெயில் ஒரு மணித்தியாலம்.

"ரெண்டு கைதான் கிடக்கு. வெளிக்கிடுவம்."

"மெத்தை இருக்குத்தானே அப்பா! இண்டைக்கு இதிலயே படுப்பம்."

அப்பா தூண்டிலைச் சுற்றத் தொடங்கினார். நான் என் கையை நீட்டி அளந்தேன். விரல்களை நெருக்கி நெருக்கி அடுக்கினேன்.

"எனக்கு மூண்டு கை வருது!"

சித்தப்பா வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். தன் நீண்ட கையின் நுனியில் என் கையை வைத்து, வெயிலை மெல்ல மெல்ல அளந்தார்.

"ஓம் அண்ணை. தம்பியின்ர கையால மூண்டு கிடக்கு."

"உன்ர கையால ரெண்டுதான்டா."

"இண்டைக்குத் தம்பியின்ர கணக்கில நிப்பம்."

நின்றோம். அவர் மணலில் மல்லாந்து கண்ணை மூடினார். "ஊர்களைச் சொல்லு" என்றார். நான் மனப்பாடமாகச் சொன்னேன். ஒவ்வொரு பெயருக்கும் அலை ஒன்று வந்து போனது.

திரும்பும்போது அப்பா வானை விரட்டினார். கிரெய்கிபர்னில் வானம் கறுத்துக்கொண்டிருந்தது. வான் நிற்க முன்னமே சித்தப்பா ஈரச் சாரத்தோடு குதித்து ஓடினார். "போட்டு வாறன்" என்று சொல்லாமல் அவர் போனது அன்று மட்டும்தான். அந்த வீட்டு யன்னலில் அவர் கை அசையும் வரை அப்பா வானை எடுக்கவில்லை.

எனக்கு ஒரே ஏமாற்றம். நரி ஊளையிடும் சமவெளியில் படுக்கத் திட்டம் போடுகிற மனிதருக்கு ஓர் இரவு கடற்கரையில் படுக்கப் பயமா?

அடுத்த ஞாயிறு அவருக்குப் பயம் தெளிய நானே ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தேன். எங்கள் பின்வளவில், உடுப்புக் காயப்போடும் கம்பியில் அம்மாவின் பெட்ஷீட்டைப் போட்டுக் கூடாரம் அடித்தேன். உள்ளே வானின் மெத்தை, என் தலையணை.

"சித்தப்பா, முதல்ல ஒரு இரவு இதில படுப்பம். பழகினாப் பிறகு தூரத்துக்குப் போவம்."

அவர் குனிந்து உள்ளே பார்த்தார். தலையணையை உள்ளங்கையால் ஒருமுறை தடவிச் சரிசெய்தார். உள்ளே மட்டும் போகவில்லை.

"தம்பி, புரூமுக்கு எப்பிடியும் போயிடலாம். இதுதானடா கனதூரம்."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். கராஜ் கதவைத் திறந்தால் கூடாரம். சித்தப்பாவுக்குக் கடலை அளக்கத் தெரிகிறது, தரையை அளக்கத் தெரியவில்லை என்று குசினிக்கு ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன்.