பாயின் கோடுகள்

வைகாசி வெயிலில், வீட்டிலிருந்து வேலை செய்யும் என்னை ரெக்சின் கதிரை வேகவைத்தது. சந்தையில் வாங்கிய சாயமிட்ட பன்புல் பாயை நனைத்து, மடித்து, அதில் போட்டு உட்கார்ந்தேன். ஈரப் புல்லின் மணத்தோடு அப்பாவும் நினைவில் வந்துவிட்டார்.

எங்கள் ஊரான குருக்கள்மடத்தில் அவர் தையற்காரர். ஒரு கோடையில், கலியாண வீட்டுக்குக் கொடுக்க அம்மா வைத்திருந்த புதுப் பாயை இப்படித்தான் நனைத்துப்போட்டு, நாள் முழுக்கத் தைத்தார். மாலையில், உடுத்திருந்த அதே வெள்ளை வேட்டியோடு கோயிலுக்குப் புறப்பட்டார். பின்னால் நடந்த அம்மா சொன்னா:

“இஞ்சேருங்க, பாயும் உங்களோட கோயிலுக்கு வருது.”

வேட்டியின் பின்புறம் முழுக்கச் சிவப்பும் பச்சையுமாகக் கோடுகள். அப்பா நிற்கவேயில்லை. “வரட்டும், அதுவும் கும்பிடட்டும்” என்றார்.

சிரித்துக்கொண்டே தண்ணீர் எடுக்க எழுந்தேன். கணினியில் கமராவோடு அலுவலகக் கூட்டம் நடந்துகொண்டிருந்ததை மறந்துவிட்டேன்.

“அக்கா, உங்கட வெள்ளைச் சட்டையில பின்னால என்ன கோடு?” என்று ஒரு குரல் கேட்டது.

“அது எங்கட அப்பாட கோடு” என்றேன்.