மாத்தளைக்குப் போன ஒலிநாடா

1. மரக்கறிப் பட்டியல்

கலீனா எங்கள் ஸ்டோருக்குள் முதன்முதல் வந்தது பீட்ரூட் தேடி. எழுபதுகளின் தொடக்கம். நான் அப்போது திருகோணமலைத் துறைமுகத்தில் கப்பல்களுக்குச் சாமான் சப்ளை செய்யும் ஒரு ஹாஜியாரிடம் வாட்டர் கிளார்க். பெயரைப் பார்த்துத் தண்ணீர் அளக்கிற உத்தியோகம் என்று நினைத்துவிட வேண்டாம். கப்பல் நங்கூரம் போட்டதும் லோஞ்ச் படகில் போய், கயிற்றேணியில் தொங்கி மேலே ஏறி, கப்பல் குசினியில் சமையலுக்கு என்னென்ன வேண்டும் என்று பட்டியல் வாங்கிவந்து, சொன்ன நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பவன்தான் வாட்டர் கிளார்க். பள்ளிக்கூடத்தில் நான் படித்தது கொஞ்சம். மிச்சத்தைக் கப்பற்காரர்கள் படிப்பித்தார்கள்.

அன்று தேயிலை ஏற்ற வந்த ஒரு சோவியத் கப்பல் உள்ளே நின்றது. அதன் சமையற்காரர் தன் பாஷையில் எழுதித் தந்த பட்டியலை, பக்கத்தில் இங்கிலீஷில் குறித்துக்கொண்டு, பலகையில் குத்தி வைத்திருந்தேன். பீட்ரூட் கேட்டு வந்த வெள்ளைக்காரப் பெண் அதைக் கண்டதும் கேட்ட கேள்வியையே மறந்துவிட்டார். விரலை வைத்து ஒவ்வொரு வரியாகச் சத்தமாக வாசித்தார். முடித்துவிட்டு, மறுபடி மேலிருந்து வாசித்தார்.

"இதை எனக்குத் தர ஏலுமா?" என்றார். தமிழ் எங்கள் ஊர்த் தமிழ். சாம்பல்தீவு மாமியாரிடம் கற்றதாம்.

"சாமான் ஏத்தின பிறகு தாறன். உங்களுக்கு என்னத்துக்கு?"

"மரக்கறிக் கணக்குத்தான். கோவா முப்பது கிலோ, வெங்காயம் இருபது கிலோ எண்டு எழுதியிருக்கு. வேற ஒண்டும் இல்லை. ஆனா எங்கட எழுத்து. ஆரோ பேனையால எழுதினது. சும்மா வச்சு வாசிக்க."

அவர் போன பிறகு ஹாஜியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தம்பி, கோவாக் கணக்கை வாசிச்சுக் கண் கலங்கின ஆளை இண்டைக்குத்தான் கண்டன்."

கலீனா ஒடெஸ்ஸா என்ற துறைமுகப் பட்டணத்தவர். அங்கே இஞ்சினியர் படிக்கப் போன எங்கள் ஊர்ப் பையனைக் கட்டிக்கொண்டு வந்தவர். கணவனுக்குக் குளங்கள் கட்டும் இலாகாவில் வேலை. மாதத்தில் பாதி நாள் காட்டுப் பக்கம்.

2. அலுமாரி

அடுத்த முறை கப்பலுக்குப் போனபோது பழைய பத்திரிகைகள் இருக்குமா என்று கேட்டேன். சோவியத் கப்பல்களில் கப்டனுக்கு அடுத்துக் கட்சி அதிகாரி ஒருவர் இருப்பார். கரையில் யாருடன் பேசினாலும், எதைக் கொடுத்தாலும் அவருடைய சம்மதம் வேண்டும். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். இங்கிலீஷ் தெரிந்த ரேடியோ ஒபிசர் விக்தர், நான் சொன்ன மரக்கறிப் பட்டியல் கதையை அவருக்கு விளங்கப்படுத்தினார். அந்த அதிகாரி எழுந்துபோய், கப்பல் வாசிகசாலையிலிருந்து ஒரு கட்டுச் சஞ்சிகையைத் தூக்கிவந்து மேசையில் வைத்தார்.

அப்படித்தான் ஸ்டோரின் மேல்மாடியில், கயிற்றுச் சுருள்களுக்கும் பெயின்ற் தகரங்களுக்கும் நடுவில், ஒரு புத்தக அலுமாரி உண்டானது. புத்தகங்களைக் கரைக்குக் கொண்டுவர ஒரு சுகமான வழி இருந்தது. மரக்கறி கொண்டுபோன மரப்பெட்டிகள் கப்பலிலிருந்து வெறுமையாகத் திரும்பும். அவற்றில் ஒன்றுக்குள் புத்தகங்களை அடுக்கிவிடுவார்கள். சுங்கத்து ஐயா மூடியைத் திறந்து பார்த்துச் சிரித்துக்கொண்டே சோக்கட்டியால் ஒரு கோடு இழுப்பார். "புத்தகத்துக்கு வரி இல்லை, பாரம்தான் இருக்கு. தூக்கு" என்பார்.

அலுமாரி இருக்கிற சேதி பரவ, இன்னும் இரண்டு பெண்கள் வந்தார்கள். ஒருவர் லெனின்கிராட் பக்கம். கணவர் பள்ளிக்கூட ஆசிரியர். மற்றவர் நீனா, தாஷ்கண்டைச் சேர்ந்தவர், கிண்ணியா டொக்டரின் மனைவி. ஞாயிறு காலையில் 'பாதை' என்கிற மிதவையில் ஏறித் தண்ணீரைக் கடந்து, பஸ் ஏறி வருவார். ஊரில் மூவருக்கும் 'ரஷ்யாக்காரி' என்று ஒரே பெயர். நீனா அதைச் சொல்லிச் சிரிப்பார்.

"எனக்கு வீட்டுப் பாஷை வேற அண்ணன். ரஷ்யப் பாஷை பள்ளிக்கூடத்தில படிச்சது. ஆனா இஞ்ச வந்த பிறகு அதுவும் வீட்டுப் பாஷை மாதிரி ஆயிட்டு."

கொழும்பில் இருந்த சோவியத்துக்காரருக்கு எல்லாம் இருந்தது. பெரிய வாசிகசாலை, கிழமைக்கொரு படம், பிள்ளைகளுக்கு எழுத்துப் படிப்பிக்க ஆசிரியர், பேச்சுத் துணைக்கு நூறு பேர். வருடத்தில் ஒருமுறை இவர்களும் ரயில் ஏறி அங்கே போய்வருவார்கள். வந்து இரண்டு கிழமைக்கு மூவரும் கலகலவென்று இருப்பார்கள். பிறகு அடங்கிவிடுவார்கள். இங்கே இருந்தது ஒரு அலுமாரி, ஒரு அலுமினியக் கேத்தில், ஆடுகிற நாலு கதிரை. புதுவருடத்துக்கு நிலாவெளிக் கரையிலிருந்து ஒரு சவுக்குக் கிளை வெட்டிவந்து, வாளியில் நட்டு, கடதாசிப் பூக் கட்டி, அதைச் சுற்றிப் பிள்ளைகளை ஆடவைப்பார்கள். ஒருமுறை கப்பற்காரர்கள் புரொஜெக்டர் கொண்டுவந்து ஸ்டோர் சுவரில் படம் காட்டினார்கள். கடற்கரைச் சனம் அத்தனையும் வந்து நின்று, பாஷை விளங்காமலே கடைசிக் காட்சிக்குக் கண்ணைத் துடைத்தது.

கலீனாவின் தாய் ஒடெஸ்ஸாவில் தனியே இருந்தார். கண்பார்வை குறைந்துகொண்டு வந்ததால் அவர் கைப்பட எழுதும் கடிதங்கள் நின்றுபோயின. அயல்வீட்டுப் பெண் எப்போதாவது இரண்டு வரி எழுதிப் போடுவார்: 'அம்மா சுகம். உன்னைக் கேட்டார்.' போய்ப் பார்த்துவர அந்தக் குடும்பத்துக்கு வசதியில்லை.

விக்தரும் ஒடெஸ்ஸாக்காரர். ஒருநாள் அலுமாரிக்கு முன்னால் நின்று, தானே போய் அம்மாவின் குரலை நாடாவில் பதிந்துகொண்டு வருவதாகக் கலீனாவிடம் சொன்னார். கலீனா தாயின் விலாசத்தை எழுதிக் கொடுத்தார். எழுத்துத் தெளிவில்லை என்று மூன்று தாளைக் கிழித்து, நாலாவதில்தான் எழுதி முடித்தார்.

3. கதவோரம்

அந்தக் கப்பல் திரும்பிவர எட்டு மாதம் ஆனது. வந்தும் ஒரு நாள்தான் நின்றது. மாலுமிகளுக்குக் கரையில் இறங்க அனுமதி இல்லை. விக்தர் என்னைக் கண்டதும் ஒரு மரப்பெட்டியைத் தட்டிக் காட்டினார். மேலே புத்தகம், அடியில் ஒரு கடதாசிப் பெட்டிக்குள் ஒலிநாடா. "பாதுகாப்பாக" என்று இங்கிலீஷில் இரண்டு தரம் சொன்னார்.

ஆறு வெறும் பெட்டிகளோடு அதையும் லோஞ்சில் ஏற்றிக்கொண்டு வந்தேன். ஸ்டோர் வாசலில் கால் வைத்த உடனே வேறொரு கப்பலுக்கு இறைச்சி கெட்டுவிட்டதென்று அவசர அழைப்பு. ஏழு பெட்டியையும் கதவோரம் இறக்கிவிட்டு ஓடினேன்.

எங்கள் ஸ்டோரில் ஒரு சட்டம் இருந்தது. கதவோரம் நிற்பது வெறும் பெட்டி. மாத்தளை மரக்கறி லொறி வந்தால் ஒருவரையும் கேட்கத் தேவையில்லை, ஏற்றிக்கொண்டு போகலாம். லொறிக்காரர் ஸ்டோரில் ஆள் தேடி நேரம் போகிறதென்று, அந்தச் சட்டத்தைப் போட்டவனே நான்.

மத்தியானம் திரும்பி வந்தபோது கதவோரம் துப்புரவாகக் கூட்டிக் கிடந்தது.

"முதலாளி, பெட்டி?"

"லொறி வந்திட்டுப் போட்டுது. ஏன் முகம் வெளிறிப் போச்சு?"

சொன்னேன். ஹாஜியார் தலையில் கையை வைத்தார். "என்ன வேலை பாத்தனி தம்பி! அந்தப் பிள்ளை கப்பல் வருகுதெண்டு கேள்விப்பட்டு, ஞாயிற்றுக்கிழமைக்கு றேடியோ திருத்துற கடைக்காரரிட்ட நாடா போடுற மிஷின்கூடச் சொல்லி வச்சிருக்கு." மாத்தளைக் கடைக்கு டிரங்க் கோல் போட்டார். லைன் கிடைக்கவில்லை. "நிண்டு பாக்காத. விடிய முதல் பஸ்ஸில போ."

4. லீக்ஸ்

மாத்தளைக் கடையின் பின்பக்கம் மரக்கறி கட்டும் இடம். எங்கள் பெட்டியை நான் தூரத்திலிருந்தே கண்டுபிடித்தேன். உள்ளே கோவா நிறைந்திருந்தது. கோவா அடிபடாமலிருக்க அடியிலும் பக்கத்திலும் விரித்திருந்தது விக்தர் அனுப்பிய சஞ்சிகைத் தாள்கள்.

கட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம், வட்டமாக ஒரு சாமான் இருந்ததா என்று கேட்டேன்.

"இந்தா இருக்குங்கையா. புது மாதிரி நாருன்னு நெனச்சேன். நல்லா வழுக்கிட்டு வருது, ஆனா முடிச்சு நிக்க மாட்டேங்குது."

அவருடைய மடியில் ரீல் இருந்தது. பாதிதான் மிச்சம். முன்னால், வெங்காயத்தாள் மாதிரி நீண்ட லீக்ஸ் கட்டுகள் வரிசையாகக் கிடந்தன. ஒவ்வொன்றின் இடுப்பிலும் பளபளவென்று மண்ணிற நாடா.

"இவ்வளவுதானா கட்டினது?"

"காலையிலேயே ஒரு லொறி கண்டிக்குப் போயிருச்சுங்களே."

அந்த அம்மாவை நோக என்ன இருக்கிறது? கயிறு கட்டுகிறவர் கையில் நீளமாக ஒன்று கிடைத்தால் கட்டத்தான் செய்வார். நான் சொன்னதைக் கேட்டதும் அவர் மிச்சக் கட்டுகளை அவிழ்த்து, துண்டுகளை மண் துடைத்து, தன் முந்தானையிலேயே சுற்றித் தந்தார். "அவங்கம்மா கொரலாங்கையா இது?" என்று இரண்டு தரம் கேட்டார்.

திருகோணமலைக்குத் திரும்பியதும், றேடியோ திருத்துகிறவர் அந்தத் துண்டுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத் தலையாட்டினார். "இழுபட்டுப் போச்சு. ஒட்டினாலும் பேசாது. ரீலில இருக்கிறது மட்டும் பாடும். தொடக்கம் எப்பவும் வெளிச்சுத்தில இருக்கும். அதுதான் போனது."

ஹாஜியார் எனக்காக இரங்கி ஒரு வழி சொன்னார். "கப்பலிலேயே அப்பிடித்தான் வந்தது எண்டு சொல்லு. ஆருக்குத் தெரியப் போகுது?"

5. மிச்சப் பாதி

ஞாயிறு காலை மூன்று பெண்களும் மேல்மாடியில் இருந்தார்கள்; ஹாஜியாரும் ஏறி வந்திருந்தார். கலீனா ஒரு கலியாணத்துக்குப் போவதுபோல உடுத்து வந்திருந்தார். நான் வாயைத் திறக்கமுதல் றேடியோக்காரர் மிஷினைத் தட்டிவிட்டார்.

நடு வசனத்தில் ஒரு கிழவியின் குரல் தொடங்கியது. கலீனா வாயைப் பொத்திக்கொண்டார். நீனா எனக்கு மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டு வந்தார். "மாடிப்படி லைற் எரியுதில்லையாம்... பக்கத்து வீட்டுப் பூனை குட்டி போட்டிருக்காம்... இவட நீலக் கோட்டுச் சட்டையை ஒருத்தருக்கும் குடுக்கேல்லையாம்." பிறகு பேச்சு நின்றது. விக்தரின் குரல் கேட்டது. "இன்னும் நாடா இருக்கு, பேசுங்க எண்டு சொல்றார்." கிழவி ஏதோ முணுமுணுத்தார். "அவளுக்கு எல்லாம் தெரியும் எண்டு சொல்றா."

அதற்குப் பிறகு பேச்சே இல்லை. தூரத்தில் டிராம் வண்டி. எங்கோ தண்ணீர் சொட்டும் சத்தம். ஒரு கிரீச். கலீனா முன்னால் குனிந்தார். "எங்கட குசினிக் கதிரை" என்றார் தமிழில், எல்லோருக்கும் விளங்க வேண்டும் என்பதுபோல.

நாடா முடிந்தது. "தொடக்கத்தைப் போடுங்க" என்றார்.

ஹாஜியார் என்னைப் பார்த்தார். நான் நடந்ததை அப்படியே சொன்னேன். லீக்ஸையும் சொன்னேன்.

"எவ்வளவு போச்சு?"

"பாதி."

"அதில என்ன சொன்னவ?"

"தெரியாது அம்மா."

அவர் என்னை ஏசவில்லை. ரீலைக் கழற்றிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். நாலு ஞாயிறு வரவில்லை. கோபமோ என்று நீனாவைக் கேட்டேன். "கோபமில்லை அண்ணன். வீட்டில மிஷினும் இல்லை. நாடாவைச் சும்மா கையில வச்சுக்கொண்டு இருக்கா. தொடக்கத்தில என்ன சொல்லியிருப்பா எண்டு ஒவ்வொரு நாளும் ஒவ்வொண்டாச் சொல்லுறா. வரச் சொல்லியிருப்பாவாம். வர வேண்டாம் எண்டு சொல்லியிருப்பாவாம்."

ஐந்தாம் கிழமை அவர் ஸ்டோருக்கு வந்தார். றேடியோக் கடையில் தன் குரலைப் பதிந்த ஒரு ரீலை என் முன் வைத்தார். "அம்மாவிட்டத் தொடக்கத்தைத் திருப்பிக் கேட்டிருக்கிறன். பெட்டியில போடாதீங்க அண்ணை. கையில குடுங்க."

அண்ணை என்று அவர் என்னை முதன்முதல் கூப்பிட்டது அன்றுதான்.

அடுத்து ஒடெஸ்ஸா போகிற கப்பலில் விக்தர் இல்லை. புதிய ரேடியோ ஒபிசர். ரீலைச் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக் கட்டிக்கொண்டு ஏணி ஏறி, அவர் கையில் கொடுத்து, விலாசத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் இறங்கினேன்.

பதில் நாடா வரவில்லை. ஒரு கடிதம் வந்தது, தாய் சொல்லச் சொல்ல அயல்வீட்டுப் பெண் எழுதியது. கலீனா மேல்மாடியில் எல்லோருக்கும் முன்னால் முதலில் தன் பாஷையில் வாசித்தார். மற்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு எங்களுக்காகத் தமிழில் சொன்னார்.

"'தொடக்கத்தில உனக்கு ஒண்டும் சொல்லேல்ல மகள். அந்தப் பொடியன் மிஷினைத் தட்டிவிட்டுப் பேசச் சொன்னான். அவன்ர முகம் வாடிக் கிடந்தது. சாப்பிட்டியா எண்டு கேட்டன். இல்லை எண்டான். முதல் சாப்பிடு எண்டு வச்சுக் குடுத்தன். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் எண்டு அவன் சாப்பிட்டு முடியுமட்டும் மிஷின் தன்பாட்டில ஓடிக்கொண்டு இருந்தது. அதால நீ கேக்காமல் விட்டது ஒண்டும் இல்லை.'"

ஹாஜியாருக்கு மனம் ஆறிவிட்டது. "பாத்தியா தம்பி! ஒரு சாப்பாட்டுக் கதைக்கா மாத்தளைக்கு ஓடினனி?" என்று என் முதுகில் தட்டினார். கலீனாவும் எங்களோடு சேர்ந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே கடிதத்தை நாலாக மடித்தார்.

"இஞ்ச வந்து ஒன்பது வருசம் அண்ணை," என்றார். "எங்கட பாஷையில 'சாப்பிடு' எண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்ல. நான் கேக்க ஆசைப்பட்டது அதைத்தான்."

கதவோரச் சட்டத்தை நான் எடுத்துவிட்டேன். ஓய்வு பெறும்வரை, எந்தப் பெட்டியையும் கையை அடிவரை விட்டுத் துழாவாமல் லொறியில் ஏற்ற விட்டதில்லை. இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கும் அதையே சொல்கிறேன். பெட்டிகளை எண்ணுவது சுலபம், ஏழு என்றால் ஏழு. அதற்குள் யாருடைய அம்மா யாருக்குச் சோறு வைத்துக்கொண்டிருக்கிறார் என்பது மட்டும் எந்தப் பட்டியலிலும் எழுதியிருக்காது.